கரண்ட் போன பிறகு பார்த்த வீடுகள்

எங்கள் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு நைலான் கயிறு தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேல் முனையில் ஒரு சின்ன மணி. பர்மாவின் யாங்கோன் (பழைய ரங்கூன்) நகருக்குள் மாடியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காய்கறிக்காரம்மா கீழிருந்து கயிற்றைச் சுண்டினால் மேலே மணி அடிக்கும். பணத்தைக் கிளிப்பில் மாட்டி இறக்கினால் கீரைக்கட்டு மேலே வரும். இரண்டு வருடமாக எங்கள் அம்மாவுக்கும் தெருவுக்கும் இருந்த தொடர்பு ஏறக்குறைய இந்தக் கயிறு மட்டும்தான்.

ஆறாவது மாடி. மாடிக்குப் பதினேழு வீதம் 102 படிகள். லிஃப்ட் கிடையாது. 1990களில் நகருக்குள் எழும்பிய ஏழு, எட்டு மாடிக் கட்டடங்கள் பலவற்றிலும் கிடையாது. அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, பிரஷரும் உண்டு. "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்றார் டாக்டர். இறங்கினால் திரும்ப ஏற முடியுமோ என்ற பயத்தில் அம்மா இறங்குவதையே நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் அனோரத்தா சாலைக் காளியம்மன் கோயிலுக்குப் போனவர், வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிடத் தொடங்கினார். நடை குறைந்தது, கால் வீக்கம் கூடியது, தூக்கம் கெட்டது, பேச்சும் குறைந்தது. புதிதாக நோய் எதுவும் வரவில்லை. அந்தப் படிக்கட்டுதான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக முடக்கிப் போட்டது. என் மகனுக்கு வேறு மூச்சு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது. சரி, இனி தள்ளிப்போட முடியாது என்று வீடு பார்க்கத் தொடங்கினோம்.

மூன்று மாதத்தில் பார்த்தவை பல. அவற்றில் ஐந்து வழிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வயதானவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருக்கிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு.

முதலில் பார்த்தது யாங்கோனின் யான்கின் பகுதியில் ஒரு கான்டோ, அதாவது லிஃப்ட் உள்ள புது அடுக்குமாடிக் குடியிருப்பு. பதினோராவது மாடி. வாசலில் படி இல்லை, சரிவுப் பாதை போட்டிருந்தார்கள். லிஃப்ட் கதவு அகலமாக இருந்தது. குளியலறைத் தரையும் கூடத்துத் தரையும் ஒரே மட்டம், கால் தடுக்காது. தண்ணீர் தட்டுப்பாடு இல்லை. இவ்வளவும் நல்ல விஷயங்கள். அம்மாவை அழைத்துப் போன அன்று அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. "இங்கே நானே கீழே போய் வரலாம் போலிருக்கே" என்றார்.

இன்னொரு நாள் சாயங்காலம் நான் மட்டும் போனேன். அந்தப் பகுதிக்குக் கரண்ட் நிறுத்துகிற நேரம் அது. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் இரண்டு லிஃப்டில் ஒன்றுதான் வேலை செய்தது. டீசல் விலை ஏறினால் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைக் குறைப்பார்கள் என்று காவலாளி சொன்னார். வீட்டுக்குள் நுழைந்ததும் புழுக்கம் முகத்தில் அடித்தது. மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர், திறப்பதற்கு ஓரத்தில் ஒரு சிறிய பலகணி. எதிர்ப்பக்கம் ஜன்னலே இல்லை, பொது நடைவழிதான் இருந்தது. ஏசி ஓடினால் மட்டுமே மனிதர் இருக்கக்கூடிய வீடு அது. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. கரண்ட் போன பிறகு இந்த வீட்டில் காற்று வருமா, வெளிச்சம் இருக்குமா, அம்மாவால் தனியாக வெளியே போய்த் திரும்ப முடியுமா? மற்ற எல்லாவற்றையும் இந்த மூன்று கேள்விக்குப் பிறகுதான் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதன் பிறகு எந்த வீட்டையும் கரண்ட் இருக்கும்போது பார்க்கப் போகவில்லை.

2025 மார்ச் 28 நிலநடுக்கம் இன்னும் நம் யாருக்கும் மறக்கவில்லை. அளவு 7.7. சகாயிங், மாண்டலே பக்கம் பேரழிவு. இங்கே யாங்கோனிலும் ஆட்டத்தை உணர்ந்தோம். நிலம் ஆடினால் லிஃப்டில் ஏறக்கூடாது. அப்படியென்றால் பதினோராவது மாடியில் இருக்கும் அம்மாவுக்கு மறுபடியும் படிக்கட்டுதான் கதி. கான்டோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு, நல்ல ஜெனரேட்டர் உள்ள கான்டோவில் இரண்டாவது, மூன்றாவது மாடி கிடைத்தால் நான் அதைத்தான் சொல்வேன். வாங்குமுன் இரண்டு பக்கமும் திறக்கும் ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, இருக்கிற ஆறாவது மாடியையே சரிசெய்துகொண்டு இருப்பது. செலவு குறைவு. எங்களுக்கு மேலே தகரக் கூரைதான். யாங்கோன் ஏறக்குறைய 17 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் வரும் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் உச்சி வெயில் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் வந்துவிடும், மே முதல் வாரத்தில் நேராகவே நிற்கும். அதாவது கோடையில் சுவரைவிடக் கூரைதான் அதிகமாக வெயில் குடிக்கிறது. கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தோம். தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே காற்றுப் போக இரண்டு முனையிலும் வலை வைத்துத் திறந்துவிட்டோம். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. முன்பெல்லாம் மதியம் சீலிங் பலகையில் கையை வைக்க முடியாது, இப்போது வைக்கலாம். மேல் மாடியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்வேன்.

ஆனாலும் ராத்திரி வெக்கை போகவில்லை. 2024 ஏப்ரல் 28 அன்று மக்வே பக்கம் சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவானது நினைவிருக்கும். அந்த மாதம் இங்கேயும் ராத்திரி தூங்கிய ஆள் கிடையாது. வயதான உடம்புக்கு வேர்வை குறைவு, தாக உணர்வும் குறைவு. பகலில் பட்ட சூட்டை ராத்திரியில்தான் உடம்பு இறக்கி வைக்கும். ராத்திரியும் வீடு சுட்டால் இதயத்துக்கு ஓய்வே இல்லை. எல்லாவற்றையும்விட, கூரையை வெள்ளையடித்தாலும் 102 படி 102 படிதான்.

மூன்றாவது வழி, ஆற்றுக்கு அப்பால் தன்லியின் என்ற ஊரில் ஒரு மனை. மனைவிக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. பாலம் தாண்டிப் போனால் மரங்கள், நாலு பக்கமும் திறந்த வெளி, தென்மேற்குக் காற்று தடையில்லாமல் வரும். நம் தமிழர்களும் அங்கே உண்டு. நிலக்கடலை காயப்போட முற்றம் இருக்கும் என்று அம்மாவும் ஆசைப்பட்டார். பர்மியர் வழக்கப்படி தூண்மேல் மர வீடு கட்டலாம் என்றார் மேஸ்திரி. நானும் அந்த வீடுகளை மதிக்கிறவன். கீழே காற்று ஓடும், மழைக்காலத்து ஈரம் தரை வழியாக ஏறாது, வெள்ளம் வந்தாலும் பயமில்லை, பாம்பும் எளிதில் வராது. கண்ணாடி விரியன் கடித்து இந்த நாட்டில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பது கிராமத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். தரை 4 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்பது சரிவுப் பாதைக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு. 4 அடிக்கு 48 அடிப் பாதை வேண்டும், நடுவே இளைப்பாற ஒரு மேடையும் வேண்டும். எங்களுக்குக் காட்டிய மனையில் அது பாதி இடத்தை விழுங்கிவிடும். ஈரத்துக்கும் காற்றுக்கும் ஏற்ற வீடு முழங்காலுக்கு ஏற்றதாக இல்லை. ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் பீடம் வைத்து, மேலே மரமும் மூங்கில் தட்டியுமாகக் கட்டினால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கிடைக்கும், 18 அடிச் சரிவு போதும். அந்தப் படத்தைக்கூட மேஸ்திரி வரைந்து கொடுத்தார். இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதைக் கட்டாததற்குக் காரணம் வேறு. அம்மாவின் டாக்டர், யாங்கோன் பொது மருத்துவமனை, கோயில், நாற்பது வருடமாகப் பழகிய சனங்கள் எல்லாமே நகருக்குள். பாலத்தில் நெரிசல் நேரத்தில் மாட்டிக்கொண்டால் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி வந்து சேர முடியாது. நானும் மனைவியும் விடிகாலையில் வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவோம். அம்மா பகல் முழுவதும் மாமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறாவது மாடித் தனிமையைக் கொண்டுபோய்த் தோட்டத்தில் வைக்கிற மாதிரி ஆகிவிடும். வீட்டில் ஒருவர் எப்போதும் இருக்கக்கூடிய குடும்பத்துக்கு, தன்லியின் மாதிரி இடம் மிக நல்ல வழி.

நான்காவது, எங்கள் தெருவிலேயே ஒரு தரைத்தளம். இரண்டே படி. அம்மா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் தெருவே அவரோடு பேசும். மனதளவில் நான் இதைத்தான் முடிவு செய்து வைத்திருந்தேன். விலை மற்ற மாடிகளைவிட அதிகம் என்றாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

இதையும் கரண்ட் இல்லாத நேரத்தில் போய்ப் பார்த்தேன். வாசலுக்கு இரண்டு பக்கமும் நடைபாதையில் கடைக்காரர்களின் ஜெனரேட்டர்கள். சத்தம் ஒரு பக்கம், புகை நேராக வீட்டுக்குள். இழுப்பு உள்ள பிள்ளையை அங்கே எப்படிப் படுக்க வைப்பது? அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத, வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு. காற்றுப் போக்கு இல்லாத அறையில் அது ஆளையே கொல்லும். உள்ளே போனால் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் புது பெயிண்ட். விரலால் சுரண்டினால் பெயிண்ட் உப்புப் பூத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஜூன், ஜூலையில் சாக்கடை எதிர்த்து வந்தால் தண்ணீர் நிற்கும் மட்டம் அதுதான். யாங்கோனில் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற மழையில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது. சுவர் காயவே நேரமிருக்காது. ஓதம் ஏறிய சுவரில் பூஞ்சை, பூஞ்சையின் தூசு மூச்சில், அப்புறம் இழுப்பு.

பின்பக்கம் போனேன். ஜன்னலே இல்லை. சமையலறையைப் பின் சந்துவரைக்கும் இழுத்துக் கட்டி அடைத்துவிட்டிருந்தார்கள். இந்தப் பின் சந்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

நகருக்குள் நம் வீடுகள் பெரும்பாலும் பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். பக்கச் சுவர் இரண்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது. காற்று நுழைய முன்பக்கம், வெளியேறப் பின்பக்கம், வேறு வழி கிடையாது. இரண்டில் ஒன்றை மூடினால் மற்றதும் பயனில்லை. நுழைந்த காற்றுக்குப் போக இடம் இருந்தால்தான் அடுத்த காற்று நுழையும். இரண்டு வரிசைக் கட்டடங்களுக்கும் நடுவே பின் சந்து இருப்பதே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் சாக்கடைக்கும்தான். ஆனால் பல தெருக்களில் மேல் மாடிகளிலிருந்து குப்பையைப் போட்டுப் போட்டு அது எலிகளின் ஊராகிவிட்டது. நாற்றத்துக்குப் பயந்து பின் ஜன்னலை மூடுகிறோம். பிறகு புழுங்குகிறது என்று ஏசி வாங்குகிறோம். பர்மா, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் காசநோய்ச் சுமை மிகுந்த 30 நாடுகளில் ஒன்று. காசநோய்க் கிருமி காற்றில் மிதப்பது. ஒருவர் இருமிய அறையில் காற்று மாறிக்கொண்டே இருந்தால் கிருமி நீர்த்துப் போகும், தேங்கினால் அடுத்தவர் மூச்சில் ஏறும். ஆக, சந்தில் கிடக்கும் குப்பைக்கும் நம் நுரையீரலுக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது. 2017இல் தொடங்கிய டோ எய்ன் என்ற அமைப்பு, தெருக்காரர்களோடு சேர்ந்து இப்படிப்பட்ட சில சந்துகளைச் சுத்தம் செய்து, சுவருக்கு வண்ணம் அடித்து, செடி வைத்து, பிள்ளைகள் விளையாடும் இடமாக மாற்றியது. டோ எய்ன் என்றால் நம் வீடு. பெயரைக் கேட்டபோதே எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது. வீடு பார்க்கப் போகிறவர்கள் முன்வாசலைப் பார்ப்பதற்கு முன் பின் சந்தை எட்டிப் பார்த்துவிட வேண்டும்.

நடுவே, இந்த ஐந்தில் சேராத ஒரு பழைய சிவப்புச் செங்கல் கட்டடத்திலும் ஆசை வந்தது. பதினாலு அடி உயர சீலிங், தேக்குப் படிக்கட்டு, கதவுக்கு மேல் காற்றுத் துளை, கனமான சுவர். ஏப்ரல் மதியத்தில் உள்ளே நுழைந்தால் குளுகுளு என்றிருந்தது. அந்தக் காலத்துக் கொத்தனார்களுக்குக் காற்றைப் பற்றித் தெரிந்தது இன்றைக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கு ஏன் மறந்தது என்று மனம் ஆறவில்லை. ஆனால் இரும்புக் கம்பி இல்லாத வெறும் செங்கல் சுவர் நிலநடுக்கத்தில் மிகவும் பலவீனமானது. நிலநடுக்கம் கிளம்பும் சகாயிங் நிலப்பிளவு யாங்கோனுக்குக் கிழக்கே பகோ பக்கமாகப் போகிறது. 1930 மே மாதம் பகோவில் வந்த நிலநடுக்கத்தில் ரங்கூனிலும் கட்டடங்கள் விழுந்து உயிர்கள் போயின. அந்தப் படிக்கட்டுச் சுவரில் என் விரல் நுழையும் அளவு விரிசல் ஒன்று ஓடியது. அழகான வீடு, ஆனால் அம்மாவை அதில் வைக்க எனக்குத் துணிவில்லை.

கடைசியில் நாங்கள் எடுத்தது ஐந்தாவது வழி. நான்கு மாடிக் கட்டடத்தில் முதல் மாடி. கான்கிரீட் தூண் போட்டு அறுபதுகளில் கட்டியது. தெரிந்த இன்ஜினியரை அழைத்துப் போய்த் தூண்களையும் உத்திரங்களையும் காட்டினோம். கம்பி வெளியே தெரிகிற இடம், புதிதாகச் சுவரை உடைத்துத் திறந்த இடம் இருக்கிறதா என்று இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார். படிகள் பத்தொன்பது. நடுவே ஒரு மேடை, அதில் ஒரு ஜன்னல். ஜெனரேட்டர் புகை அந்த உயரத்துக்குக் குறைவாகவே வருகிறது. முன் ஜன்னலை அந்த நேரம் மட்டும் சாத்திக்கொண்டால் போதும். வெள்ளம் எட்டாது. தலைக்கு மேல் இன்னும் மூன்று மாடி இருப்பதால் கூரை வெயிலும் இல்லை.

நகருக்குள் எண் போட்ட தெருக்கள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. அதனால் வீடுகள் கிழக்குப் பார்த்திருக்கும், இல்லையென்றால் மேற்குப் பார்த்திருக்கும். எங்கள் புது வீடு தெருவின் மேலச்சிறகில், அதாவது மேற்கு வரிசையில், கிழக்குப் பார்த்து இருக்கிறது. காலை வெயில் கூடத்துக்கு வரும். சாயங்கால வெயில் பின்பக்கச் சமையலறைச் சுவரில் படும். அங்கே மூன்றடிச் சாய்ப்பு ஒன்று இறக்கினோம். வெயிலும் தடுக்கும், தென்மேற்கு மழையின் சாரலும் உள்ளே வராது. சாரலுக்குப் பயந்து ஐந்து மாதம் ஜன்னலை மூடி வைக்க வேண்டியதில்லை. கரண்ட் இல்லாதபோது கரி அடுப்பில் சமைக்கிற வீடுகளுக்கு இது ரொம்ப முக்கியம்.

முன்பு இருந்தவர்கள் நடுவே பிளைவுட் தடுப்பைச் சீலிங்வரை அடித்து இரண்டு இருட்டறை செய்திருந்தார்கள். கழற்றிவிட்டு, ஏழடிவரை மட்டும் தடுப்பு, அதற்கு மேல் மரச் சட்டத்தில் பின்னல் வைத்தோம். சூடான காற்று மேலேதான் நிற்கும். அது போக வழி கிடைத்ததும் வீட்டின் குணமே மாறிவிட்டது. முதல் ராத்திரி கரண்ட் போனபோது கொசுவலை லேசாக அசைந்ததை மனைவி எழுப்பிக் காட்டினாள். குளியலறை வாசலில் இருந்த அரையடித் தடுக்கை உடைத்துச் சரிவாக்கினோம். கழிப்பறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி. மொத்தச் செலவில் இதுதான் மிகச் சிறியது, அம்மாவுக்கு மிகப் பெரிய நிம்மதி கொடுத்ததும் இதுதான்.

இந்த வீட்டில் ஒரு குறை இருக்கிறது. சக்கர நாற்காலி தேவைப்பட்டால் இந்தப் பத்தொன்பது படியும் மலைதான். மாற்றுத் திறனாளிகள் உரிமைகளுக்கென்று இந்த நாட்டில் 2015இலேயே சட்டம் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட வீட்டு வழிகாட்டலில், இடநெருக்கடி, குளிர், வெயிலோடு சேர்த்து, உடல் இயக்கம் குறைந்தவர்கள் வாழத்தக்க வீடுகள் போதிய அளவில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நான் பார்த்த பழைய கட்டடங்கள் ஒன்றிலும் ஒரு சரிவுப் பாதை இல்லை. இப்போதே நாற்காலியில் இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் எங்கள் வழி உங்களுக்கு உதவாது. ஓதம் இல்லாத, பின் ஜன்னல் உள்ள தரைத்தளத்தைப் பொறுமையாகத் தேடுங்கள், கிடைக்கும்.

குடிவந்த மூன்றாவது வாரம் படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி போட ஆசாரியை வரவழைத்தோம். ஒரு பக்கம் இருந்த பழைய கைப்பிடி அம்மாவுக்கு உயரம். முழங்கை லேசாக மடங்குகிற உயரத்தில் இருந்தால்தான் ஊன்ற முடியும் என்று ஆசாரி அம்மாவைப் படியில் நிற்க வைத்து அளவெடுத்தார். 32 அங்குலம் வந்தது. சத்தம் கேட்டு இரண்டாவது மாடியில் இருக்கும் பர்மியப் பாட்டி மெதுவாக இறங்கி வந்தார். கையை அந்தப் புதுக் கட்டையின்மேல் வைத்துப் பார்த்தார். தன் மாடிவரைக்கும் இதைக் கொண்டுவர எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ஆசாரி டேப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். அம்மா கீழே இறங்கினார், அன்றைக்கு வெள்ளிக்கிழமை.